மரத்த பாதங்களோடு மழைக்காட்டுக்குப் போகலாமா?

வலிகாமத்தில் இருந்து ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 63. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

32 வருடம் பிள்ளைகளுக்கு மழைக்காடு படிப்பித்திருக்கிறார். மேலே விதானம், கீழே செடிகள், அதற்கும் கீழே வெளிச்சம் படாத தரை என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். ஆனால் ஒரு மழைக்காட்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. இளவயதில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடிக்கிடந்தது. பாதை திறந்தபோது பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் வந்து நின்றன. இப்போது ரொறன்ரோவில் இருக்கும் இளைய மகள் கூப்பிடுகிறாள். ஆனி மாதம் கனடாவுக்கு வரட்டுமாம். அங்கிருந்து ஆடியில் அப்பாவும் மகளுமாக முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கோஸ்டா ரிக்காவுக்கு 15 நாள். பஸ்ஸில் போவது, படகில் போவது, மலிவான விடுதிகளில் தங்குவது என்று திட்டம். தொர்துகேரோவில் ஆமைகள், அரேனால் எரிமலை, மொன்தேவெர்தேயின் முகில்காடு, பசிபிக் கடற்கரை, கடைசியில் கோர்கோவாடோ காட்டுக்குள் நடை. "1948இலேயே இராணுவத்தைக் கலைத்த நாடு அப்பா" என்று மகள் சொன்னாளாம். அந்த ஒரு வசனத்துக்காகவே போக வேண்டும் போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

இனி வருத்தங்கள். 14 வருடமாக நீரிழிவு, கூடவே பிறசர். சீனிக்குக் காலையில் கிளிக்கிளசைட், இரண்டு நேரம் மெற்போமின், பிறசருக்கு லொசாட்டன், இரவில் கொழுப்புக் குளிசை, சிறிய அளவு அஸ்பிரின். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக 7.6. இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்து ஆறு நாள் வாட்டில் இருந்தார். உள்ளங்கால் இரண்டும் "பஞ்சில் மிதிப்பது போல" இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஆணி கீறிய ஒரு சின்னக் காயம் ஆற இரண்டு மாதம் எடுத்தது.

துணைவியார் பாம்புக்குப் பயந்து வேண்டாம் என்கிறார். லண்டனில் இருக்கும் மச்சான், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறார். வைத்தியரான என்னிடம் மாஸ்ரர் கேட்பவை நான்கு. நான் போகலாமா? மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? கால் மரத்திருப்பதை மகளிடம் சொல்லாமல் விடலாமா, சொன்னால் அவள் பயணத்தையே நிறுத்திவிடுவாளே? காப்புறுதிக்காக "பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை" என்று ஒரு கடிதம் தர முடியுமா?

மாஸ்ரர்,

முதல் கேள்விக்கு முதலே பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம். உங்கள் சீனி அளவு பயணத்தைத் தடுக்கும் அளவில் இல்லை. 63 வயதும் தடை இல்லை. ஆனால் இப்போது வரைந்திருக்கும் திட்டத்தில் ஒரு பகுதியை வெட்ட வேண்டும், உங்கள் நினைப்பில் சிலவற்றைத் திருத்த வேண்டும். நீங்கள் கேட்ட அந்தக் கடிதத்தை நான் தரமாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

துணைவியாருக்கு ஒரு வார்த்தை. முதுகில் பையைப் போட்டுக்கொண்டு காடு மேடு நடப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நாங்கள் நினைக்கிறோம். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். 60, 70 வயது அம்மாமார் ஒரு துணிப்பையோடு கிழக்குக் கரையால் இறங்கி, யால காட்டுக்குள்ளால் நடந்து போய்ச் சேர்கிறார்கள். எனக்கு அந்த யாத்திரை நன்றாகத் தெரியும், ஏனென்றால் போய் வந்தவர்களின் கால்களைப் பார்ப்பது நான். வயதால் சோர்ந்து திரும்பியவர்கள் குறைவு. ஒரு கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டு, புண்ணோடு வந்தவர்களே அதிகம். அவர்களில் பலருக்கு நீரிழிவு. வலித்ததா என்று கேட்டால், இல்லை டொக்டர், தெரியவே இல்லை என்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். வலி தெரியாத கால்தான் உங்கள் பயணத்தின் முதல் ஆபத்து. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பாதங்கள்

"நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு போகிறேன், சுடுமணல்கூட எனக்கு ஒன்றும் செய்வதில்லை, அதனால் என் கால் உரமான கால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். மணல் சுடவில்லை என்றால் கால் உரமாக இருக்கிறது என்று பொருள் இல்லை மாஸ்ரர். சூட்டை மூளைக்குச் சொல்லும் நரம்பு வேலை செய்வது குறைந்துவிட்டது. மணல் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது. செய்திதான் மேலே போகவில்லை.

கோஸ்டா ரிக்காவில் ஆடி மாதம் மழைக்காலம். வைகாசி முதல் கார்த்திகை வரை பசிபிக் பக்கம் பெரும்பாலும் பின்னேரத்தில் கொட்டும். கரீபியன் பக்கம் எந்த நேரமும் வரலாம். நனைந்த சப்பாத்துக்குள் ஊறிய தோல், வேர்கள் நிறைந்த சேற்றுப் பாதை, முதுகில் பாரம். கொப்புளம் வர இதைவிட வேறு என்ன வேண்டும்? சாதாரண ஆளுக்கு அரை மணித்தியாலத்தில் வலி சொல்லிவிடும், நின்று சப்பாத்தைக் கழற்றுவார். உங்களுக்குச் சொல்லாது. இரவு சொக்ஸைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

எனவே பயணத்துக்கு முன்பே உங்கள் கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலின் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கணுக்காலில் நாடித்துடிப்பையும் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் கிளினிக் கொப்பியில் அது ஒருமுறையும் பதியப்படவில்லை என்றால், கேட்டு வாங்க வேண்டியது உங்கள் உரிமை. நாடித்துடிப்புக் குறைவாக இருந்தால் நான் மேலே சொன்ன "போகலாம்" மாறக்கூடும். அதை முதலே சொல்லிவைக்கிறேன்.

சப்பாத்தை இப்போதே வாங்குங்கள், ரொறன்ரோவில் போய் வாங்க வேண்டாம். பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அந்த நேரத்தில்தான் கால் கொஞ்சம் வீங்கி முழு அளவில் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். ஆறு வாரம் அதைப் போட்டுக்கொண்டே காலையில் நடந்து பழகுங்கள், கடைசி இரண்டு வாரம் பையோடும். பருத்திச் சொக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பளி அல்லது செயற்கை நூல் கலந்தது நல்லது. மதியம் ஒரு தடவை மாற்ற வேண்டும். காலை மாலை இரண்டு நேரமும் உள்ளங்கால், விரலிடுக்கு, குதி மூன்றையும் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பாருங்கள். சப்பாத்தைப் போடும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னக் கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, புண் வந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அரேனால் பக்கத்தில் வெந்நீரூற்றுகள் பெயர் பெற்றவை. மகள் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவாள். கன்னியாயில் குளித்த பழக்கத்தில் காலை முதலில் விடாதீர்கள். முழங்கையால் தொட்டுப் பாருங்கள், மகளையும் தொடச் சொல்லுங்கள். நீரிழிவுக்காரர் வெந்நீரில் கால் வேகும்வரை தெரியாமல் இருந்துவிடுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து.

சின்னக் காயம் என்றாலும் மூடிக் கட்ட வேண்டும். இதற்கு அந்த நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. திறந்த காயத்தில் முட்டையிட்டு, உயிருள்ள சதையைத் தின்னும் புழுக்களை உண்டாக்கும் ஒருவகை ஈ அங்கே பல வருடம் ஒழிந்திருந்து, 2023இல் திரும்பி வந்துவிட்டது. பெரும்பாலும் மாடுகளுக்குத்தான் வருகிறது, மனிதருக்கும் வந்திருக்கிறது. உணர்வில்லாத காலில் திறந்த புண்ணோடு திரிகிறவர் அதற்கு வசதியான இடம். பயமுறுத்த எழுதவில்லை. கழுவி, மருந்து போட்டு, துணியால் மூடிவிட்டால் போதும்.

சேற்றுத் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்கழியில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அதே கிருமி அங்கும் உண்டு. வெடிப்புள்ள காலோடு வெள்ளத்தில் இறங்கக் கூடாது.

குளிசைகளும் நடையும்

"நிறைய நடப்பதால் சீனி தானாக இறங்கிவிடும், 15 நாளும் குளிசையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்" என்கிறீர்கள். பாதி சரி. நடை சீனியை இறக்கும். அதனால்தான் கவனம் வேண்டும். மெற்போமின் தனியே சீனியை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிக்கிளசைட் அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். காலையில் அதை விழுங்கிவிட்டு, பஸ் பிந்தியதால் சாப்பிடாமல் மூன்று மணித்தியாலம் மலையேறினால் சீனி விழும். வியர்வை, நடுக்கம், தலைக்கிறுதி, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். மழைக்காட்டு வெக்கையில் இதைக் களைப்பு என்று இருவருமே நினைத்துவிடுவீர்கள்.

நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை உங்களைப் பார்க்கும் வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் "நீண்ட தூரம் நடக்கும் நாளில் கிளிக்கிளசைட்டை என்ன செய்வது" என்று நேராகக் கேளுங்கள். குளுக்கோமீற்றரைக் கொண்டுபோங்கள். அதன் கீற்றுப் போத்தலைத் திறந்தபடி விட்டால் ஈரலிப்பில் கீற்று பழுதாகிப் பிழையான கணக்குச் சொல்லும். பையில் பனங்கட்டி வைத்துக்கொள்வேன் என்று எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. வையுங்கள். ஆனால் சீனி விழும்போது முதலில் வேண்டியது குளுக்கோஸ், அதுதான் விரைவாக ஏறும். 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டியளவு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறிய பிறகு பனங்கட்டியோடு நிறுத்தாமல் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிக்கிளசைட் மறுபடியும் இழுத்து விழுத்தும்.

சாப்பாட்டுக்கு நீங்கள் தவிக்கப் போவதில்லை. காலையிலேயே சோறும் கறுப்பு அவரையும் சேர்த்துக் கிளறிய காயோ பிந்தோ அங்கே வீட்டுச் சாப்பாடு. மதியம் சோறு, அவரை, சலாது, பொரித்த வாழைப்பழம், ஒரு துண்டு மீனோ இறைச்சியோ. யாழ்ப்பாணத்து வயிற்றுக்கு ஒத்துவரும். அவரையைக் கூட்டி, சோற்றையும் பொரித்த வாழைப்பழத்தையும் குறையுங்கள். பழச்சாறு என்று உயரமான கிளாஸில் தருவதில் சீனி போட்டிருப்பார்கள். பழத்தைப் பழமாகவே சாப்பிடலாம்.

வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து தண்ணீர் நிற்காத நாளில் லொசாட்டன் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும், மெற்போமின் வெளியேறாமல் உடலில் தேங்கும். சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கும்வரை அவற்றை நிறுத்திவைப்பது வழக்கம். இதையும் உங்கள் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். போவதற்கு முன் சிறுநீரகம், கண், ஈசிஜி மூன்றும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நீண்டகால நீரிழிவில் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். இரண்டு மாடி ஏறவே மூச்சு வாங்குகிறது என்றால் ஈசிஜியோடு நிற்காமல் இதய வைத்தியரிடம் போங்கள்.

காய்ச்சலும் ஊசிகளும்

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோஸ்டா ரிக்கா அந்தச் சான்றிதழைக் கேட்பது கொலம்பியா, பிரேசில், பெரு போன்ற பரவல் உள்ள நாடுகளில் இருந்து வருகிறவர்களிடம். இலங்கையும் கனடாவும் அந்தப் பட்டியலில் இல்லை. 60 வயதுக்கு மேல் முதல்தடவையாக அந்த ஊசியைப் போடும்போது பாரதூரமான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளம் வயதினரைவிட அதிகம். ஆகவே விலை குறைவு என்று மகள் கொலம்பியத் தலைநகர் பொகோட்டா வழியாகப் பயணச்சீட்டு எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் இருந்து நேரே சான் ஹொசேக்கு விமானம் உண்டு. பட்டியல் மாறக்கூடியது, எனவே பயணச்சீட்டு எடுக்கும் நாளில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஏற்பூசி (டெட்டனஸ்), ஹெப்பட்டைட்டிஸ் ஏ, தைபொயிட் ஆகிய மூன்றையும் பற்றி வைத்தியரோடு கதையுங்கள்.

"டெங்கு ஒருதடவை வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்பது நான் கட்டாயம் திருத்த வேண்டிய நினைப்பு. டெங்கு வைரஸில் நான்கு வகை. வந்த வகைக்குத்தான் உங்களிடம் நீண்டகால எதிர்ப்பு இருக்கிறது. இரண்டாவது தடவை வேறு வகை வந்தால், முதல்தடவையைவிடக் கடுமையாக மாறும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வரக்கூடியது இனி அந்த இரண்டாவது தடவை. அங்கும் டெங்கு தாராளமாக உண்டு, அதே பகல் நுளம்புதான். நுளம்பை விரட்டும் டீட் கலந்த பூச்சு, முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபெனாக், ஐபுப்ரோபன் வாய்க்குக் கிட்டவும் போகக் கூடாது. அஸ்பிரினைத் தொடர்வதா என்று அன்றைக்கே ஒரு வைத்தியரைக் கேளுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனம் தேவையான நேரம் என்பது வாட்டில் படுத்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொர்துகேரோ இருப்பது லிமோன் மாகாணத்தில். அந்த மாகாணத்தில் மலேரியா இன்னும் இருக்கிறது. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். அதனால் நாங்கள் அந்த நோயை மறந்துவிட்டோம், வைத்தியர்கள்கூட. போகும் முன் மலேரியா தடுப்பு இயக்கத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய்த் திட்டத்தைச் சொல்லுங்கள். தேவையென்றால் தடுப்புக் குளிசையை இலவசமாகவே தருவார்கள். உங்கள் மற்றக் குளிசைகளின் பட்டியலையும் காட்டுங்கள். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வசனம் "நான் கோஸ்டா ரிக்கா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும்.

பாம்பும் கடலும்

துணைவியாரின் பயம் வெறும் பயம் இல்லை. அங்கே தெர்சியோபெலோ என்ற கொடிய விரியன் இருக்கிறது. ஆனால் சுருட்டையும் கண்ணாடி விரியனும் நடமாடும் தோட்டத்துக்குள் இரவில் வெறுங்காலோடு தண்ணீர் மாறப் போகிறவர்கள் நாங்கள். கணுக்காலை மூடும் சப்பாத்து, இருட்டில் ரோச் லைட், பார்க்காத இடத்தில் கை வைக்காமை, இவை இரண்டு ஊருக்கும் பொது. அவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகத்தின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் 1970 முதல் பாம்பு நஞ்சுக்கு எதிர்மருந்து ஆக்கி வருகிறது. எங்கள் நாட்டுப் பாம்புகளின் நஞ்சை வைத்து எங்களுக்கென்று ஒரு எதிர்மருந்தை உருவாக்கும் முயற்சியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்தவர்களும் அவர்களே. பாம்புக்கடிக்கு மருந்து தெரியாத நாட்டுக்கு நீங்கள் போகவில்லை.

பாம்பைவிடக் கடலில்தான் எனக்குக் கூடுதல் பயம். கசூரினாவில் இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடந்து பழகியவர் நீங்கள். பசிபிக் கரையில் அலை அடித்துத் திரும்பும்போது ஒரு ஒடுங்கிய ஓட்டம் ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துத் தாழ்வீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தில் இருந்து வெளியே வர வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். ஆற்று முகத்துவாரங்களில் முதலை இருக்கும். அங்கே இறங்கவே வேண்டாம்.

திட்டத்தில் நான் வெட்டச் சொன்ன பகுதி கோர்கோவாடோ நடை. லா லியோனாவில் இருந்து சிரேனா நிலையத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். பெரும்பகுதி வெயில் விழும் கடற்கரை மணலில், இடையில் ஆறுகளைக் கடந்து. காலில் பிரச்சினை வந்தால் பாதியில் திரும்பவும் வழியில்லை, உதவி வரவும் நேரமெடுக்கும். அதே சிரேனாவுக்குத் திராக்கே குடாவில் இருந்து படகில் போய், வழிகாட்டியோடு சில மணித்தியாலம் காட்டுக்குள் நடந்து திரும்பலாம். வழிகாட்டி இல்லாமல் அந்தப் பூங்காவுக்குள் எப்படியும் விடமாட்டார்கள். நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட அதே காடுதான் அது. மொன்தேவெர்தேயில் தொங்குபாலங்கள் இருக்கின்றன. கரும்பலகையில் நீங்கள் வரைந்த விதானத்தை அதன் உயரத்திலேயே நின்று பார்க்கலாம். பை ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது. குளிசைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மகளின் பையில் வையுங்கள்.

போவதற்கு முன் ஒரு ஒத்திகையும் பாருங்கள். 1988இல் உலக மரபுரிமையான சிங்கராஜா மழைக்காடு எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. இன்றைக்கு ஏ9 பாதை திறந்திருக்கிறது. தை, மாசியில் மழை குறைவு. துணைவியாரையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் போங்கள். புதுச் சப்பாத்து, பை, குளுக்கோமீற்றர் எல்லாம் உங்களோடு வரட்டும். அட்டை கடிக்கும், கடித்தது உங்களுக்குத் தெரியாது, எனவே முழங்கால்வரை அட்டைச் சொக்ஸ் போடுங்கள். உங்கள் கால் காட்டில் என்ன செய்கிறது என்பதற்கு அந்த இரண்டு நாள் தரும் பதிலை என்னால் இங்கே இருந்து தர முடியாது.

மகளிடம் சொல்வதா?

இதற்காகத்தான் கடிதத்தைத் தெரிவுசெய்தேன். பிள்ளைக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று வருத்தத்தை மறைப்பது எங்கள் அப்பாமாரின் பழக்கம். என் அப்பாவும் அப்படித்தான். சீனி விழுந்து நீங்கள் தடுமாறும்போது பக்கத்தில் இருக்கப் போவது மகள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாவிட்டால் "அப்பா களைத்துவிட்டார், படுக்கட்டும்" என்று போர்த்திவிடுவாள். அந்த உறக்கத்தில் இருந்து நீங்கள் எழும்பாமல் போகலாம். அதன் பிறகு அவள் வாழ்நாள் முழுக்க எதைச் சுமப்பாள் என்று யோசியுங்கள்.

சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். வெறுமனே "கால் மரத்திருக்கிறது" என்று சொன்னால் நிறுத்துவாள்தான். "கால் மரத்திருக்கிறது, பரிசோதித்தேன், சப்பாத்து வாங்கி நடந்து பழகுகிறேன், கடைசி நடையைப் படகுப் பயணமாக மாற்றுவோம், நீ இரவில் என் காலைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். 31 வயதுப் பிள்ளை. அப்பா தன்னை நம்பிச் சொன்னார் என்பதே அவளுக்குப் பெரிதாக இருக்கும்.

காப்புறுதிக் கடிதமும் இதே கதைதான். வருத்தம் இல்லை என்று எழுதி வாங்கிய காப்புறுதி, வைத்தியசாலையில் படுக்கும் அன்று செல்லாது. அவர்கள் முதலில் பார்ப்பதே பழைய மருத்துவப் பதிவுகளைத்தான். முழுச் செலவும் மகளின் தலையில் விழும். உள்ளதைச் சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டி எடுங்கள். கனடாவில் விற்கும் பல காப்புறுதிகளில் ஒரு நிபந்தனை இருக்கும்: பயணத்துக்கு முந்திய 90 நாளோ 180 நாளோ மருந்திலும் அளவிலும் மாற்றம் இருக்கக் கூடாது. ஆகவே நான் மேலே சொன்ன மருந்து மாற்றங்களை இப்போதே செய்து முடிக்க வேண்டும், வெளிக்கிடும் வாரத்தில் செய்யக் கூடாது. கனடாவுக்கு வரும் பெற்றோருக்காக எடுக்கும் காப்புறுதி, இடையில் இன்னொரு நாட்டில் நிற்கும் 15 நாளுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

நான் தரக்கூடிய கடிதம் வேறு. உங்கள் வருத்தங்கள், குளிசைகளின் ஜெனரிக் பெயர், அளவு, டெங்கு வந்த வருடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிட்ட ஒரு பக்கம். உங்கள் கிளினிக் வைத்தியரும் இதைத் தருவார். மகள் அதை ஸ்பானிய மொழியில் மாற்றி ஒரு பிரதி எடுத்துக் கடவுச்சீட்டோடு வைக்கட்டும். அங்கே அவசர இலக்கம் 911.

விசா என் துறை இல்லை. இருந்தாலும் ஒன்று. கனடா விசா கையில் இருப்பதால் கோஸ்டா ரிக்காவுக்குள் தானாக விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று அந்த நாட்டுத் தூதரகத்திடமே கேட்க வேண்டும். கனடா விசா திரும்பவும் உள்ளே நுழைய அனுமதிப்பதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஆமைகள். தொர்துகேரோவில் பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடுவது ஆடி முதல் ஐப்பசி வரை. சரியான காலத்தில்தான் போகிறீர்கள். இரவில் வழிகாட்டியோடு கடற்கரைக்குக் கூட்டிச் செல்வார்கள். கறுப்பு நிற உடுப்புப் போட வேண்டும், ரோச் லைட்டும் போனும் பாவிக்க முடியாது, ஆமை மிரண்டுவிடும். இருட்டில் மணலில் நடக்கும்போது மற்ற எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார்கள். நீங்கள் சப்பாத்தோடேயே நடவுங்கள், மாஸ்ரர்.